மொய் நோட்டை நம்பித்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததும் எங்கள் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, எழுதுபவரிடம் ஊர், பெயர் சொல்லிப் பணத்தைக் கொடுத்தால் சரி. பிறகு நாம் விருந்து வைக்கும்போது அவர்கள் அந்தப் பணத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியும் கிடையாது, பத்திரமும் கிடையாது. அப்பா வைத்திருந்த மொய் நோட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. திருப்பிச் செய்த பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார். அவர் போன பிறகும் அதைப் பார்த்துத்தான் அம்மா மொய் செய்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு பலரால் திருப்பிச் செய்ய முடியவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. "அடுத்த வருஷம் செய்றேன்" என்று வீடு தேடி வந்து சொன்னவர்களை இன்றும் நம்புகிறேன். வசதி இருந்தும், பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டு விருந்துப் பக்கமே வராதவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அவர்களால், அப்புறம் மகள் கல்யாணத்துக்காக விருந்து வைக்கிற ஏழைக்கும் மொய் எழுதக் கை தயங்குகிறது. முடியாவிட்டால் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாதியாவது செய்யுங்கள்.

- ஒரு வாசகர், பேராவூரணி