தோளை இழுக்க விடாதே, சரோஜா

ஹட்டன்

அன்பின் சரோஜாவுக்கு,

பேரன் பிறந்ததற்கு வாழ்த்துகள். மூக்கு மட்டும் தாத்தாவினுடையதாக இல்லாதிருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம், மழைதான் விடவில்லை. இடது தோள் இரவில் வலிப்பதாகவும், பதுளையில் ஒருவர் எண்ணெய் பூசிக் கையை இழுத்துவிடுவதாகவும் நீ போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்காகவே இந்த அவசரக் கடிதம்.

சென்ற ஆண்டு என் வலது தோளுக்கு வந்த ‘உறைந்த தோள்’ நோய்தான் உனக்கும் என்று நினைக்கிறேன். தலை பின்ன முடியவில்லை. முதுகுப்புறம் கை எட்டவில்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுவதால், நாமாகத் தூக்கினாலும் பிறர் தூக்கிவிட்டாலும் கை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறம் திருப்பிப் பார். அது திரும்பாவிட்டால் பெரும்பாலும் உறைந்த தோள்தான். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், அதிலும் பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் இது கூடுதலாக வருகிறது. நீ தொதலை விடமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

எனக்குச் சிகிச்சை செய்த பிசியோதெரபிஸ்ட், ஒன்பதாம் வகுப்பில் உன்னிடம் அடி வாங்கிய அதே பிள்ளைதான், பழி தீர்க்கவில்லை. வலி மிகுந்திருந்த மாதங்களில், மேற்கை எலும்பின் தலையைப் பிடித்து, இறுக்கம் தட்டுப்படும் முன்பே நின்றுவிடும் சிற்றசைவுகளை மட்டும் தாளம் தவறாமல் கொடுத்தாள். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று எனக்குள் எரிச்சல்தான். இரவு வலி அடங்கிய பிறகே எலும்புத் தலையைப் பின்னோக்கி எல்லைவரை அழுத்திப் பிடித்தாள். வெளிப்புறம் திரும்பும் அசைவு அதன் பின்னர்தான் மெல்ல மீண்டது. ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்டான மெய்ட்லண்ட் இவ்வசைவுகளை நான்கு படிகளாக வகுத்தாராம்: முதலிரண்டும் வலிக்கு, பின்னிரண்டும் இறுக்கத்துக்கு. உன் எண்ணெய்க்காரர் படி எதுவும் பாராமல் நேரே உச்சிக்கு ஏறுகிறார்.

தேய்ப்பதில் தீங்கில்லை, சரோஜா; இழுப்பதுதான் எனக்குப் பயம். நெதர்லாந்தில் 77 நோயாளிகளைக் கவனித்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வலியின் எல்லைக்குள் கையை அசைத்தவர்களே, வலியை மீறி நீட்டி இழுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். கைச்சிகிச்சை மாயமன்று, இந்நோய் முழுதாகத் தணிய ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் எடுக்கலாம். நமக்கு ஓய்வூதியம் இருப்பதால் பொறுத்திருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் நாத்தனாருக்கு இதே தோள் வந்தபோது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவளைச் சோம்பேறி என்றார்கள்; நாட்சம்பளமும் போனது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதலில் டாக்டரைக் கண்டு, எக்ஸ்ரேயும் சீனிப் பரிசோதனையும் செய்துகொள். மூட்டுக்குள் ஸ்டீரோய்ட் ஊசி போடலாம் என்றால், தொடக்க வலிக்கு அது நல்லதுதான். ஆனால் சில நாட்களுக்குச் சீனி ஏறக்கூடும் என்பதால் உன் மருந்துகளைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள். எண்ணெய்க்காரரிடம் முகம் முறிக்கத் தயக்கமாக இருந்தால், ஹட்டனில் ஒரு பொல்லாத சிநேகிதி தடுத்துவிட்டாள் என்று சொல். டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுது.

அன்புடன்,
மல்லிகா