சுறாவின் வயதும் எலியின் வயதும்: அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களில் அறிவியல் பக்கங்களைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதுமையை வென்ற உயிரினங்கள் என்று கிரீன்லாந்து சுறாவையும் கிழக்கு ஆப்பிரிக்காவின் முடியற்ற அகழெலியையும் அருகருகே படம் போட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒப்பிடுவதில் தவறில்லை, ஆனால் அவ்விரண்டின் வயதும் நமக்குத் தெரியவந்த வழிகள் முற்றிலும் வேறானவை என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

கிரீன்லாந்து சுறாவின் உடலில் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்க்கத்தக்க கடினமான பாகம் எதுவும் இல்லை. ஆகவே 2016-இல் வெளியான ஆய்வில், வலைகளில் தற்செயலாகச் சிக்கிய 28 பெண் சுறாக்களின் கண்வில்லைகளை வெங்காயம் உரிப்பதுபோல் அடுக்கடுக்காக நீக்கி, தாயின் வயிற்றிலேயே உருவாகி அதன்பின் மாறாதிருக்கும் நடுப்பகுதியில் உள்ள கதிரியக்கக் கரிமத்தை (கார்பன்-14) அளந்து வயதைக் கணித்தார்கள். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்குக் கிடைத்த விடை 392 ஆண்டுகள். அதில் 120 ஆண்டுகள் கூடலாம், குறையலாம். செய்திகளோ 272 என்ற கீழெல்லையை மறந்துவிட்டு, 512 என்ற மேலெல்லையையே அதன் வயதாக அறிவித்தன. (கொலம்பஸ் காலத்துச் சுறா என்றால் யாருக்குத்தான் படிக்கத் தோன்றாது!)

அகழெலியின் கதை வேறு. ஆய்வகத்தில் பிறந்த எலிகளின் பிறந்த நாள் பதிவேட்டிலேயே இருப்பதால், அவற்றுள் சில 30 ஆண்டுகளைத் தாண்டியது கணிப்பன்று, கணக்கு. ஏறக்குறைய அதே உடலளவுள்ள சுண்டெலி மூன்று நான்கு ஆண்டுகளில் மடிந்துவிடும். உடலளவோடு சேர்த்துப் பார்த்தால் பெரிய வியப்பு எலியே என்பது என் கருத்து. எனினும் அது கூண்டுக்குள் பாதுகாப்பாக வாழ்ந்த வாழ்க்கை என்பதையும் எழுத வேண்டும். அதற்குப் புற்றுநோயே வராது என்ற வரியை இனியும் அச்சிட வேண்டாம். விலங்குக்காட்சி சாலைகளில் இருந்தவற்றுக்கு அந்நோய் கண்டதாக 2016-இலேயே மருத்துவக் குறிப்புகள் வெளிவந்துவிட்டன.

இன்னொன்றும் விடுபடுகிறது. சுறாவைப் பற்றிய அந்த 2016 ஆய்வின் கணிப்புப்படி பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே சுமார் 150 ஆண்டுகள் ஆகும். வேறு மீனுக்கு விரித்த வலையில் அது மாண்டால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல தலைமுறை மனிதர்கள் காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள் குட்டிகளை ஈன்று தள்ளும் எலியரசிக்கு (அகழெலிக் கூட்டத்தில் குட்டி ஈனும் பெண் எலிக்கு) இந்தச் சிக்கல் இல்லை. எனவே நெடுவாழ்வின் ரகசியம் பற்றி எழுதும்போது சுறாவின் இந்த நிலைக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறும், வயதை அச்சிடும் இடத்திலெல்லாம் அதன் பிழை எல்லையையும் சேர்த்தே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களுள் ஒருவர்