நாற்சந்திக்கு ஒரு கூரை

அன்புள்ள முருகேசா,

நான் கிளம்பிய அன்றுதான் உன் கடிதம் கிடைத்தது. உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவுக்கு வந்த பிறகுதான் பிரித்துப் படித்தேன். கடை வாசலில் தகரக் கொட்டகை போட்டும் வெக்கை தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கான பதில் இங்கே நானூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் தெருக்கள் கூடும் சந்திக்கே கூரை போட்டுவிட்டார்கள். 'தோக்கி' என்கிறார்கள். நடுவில் பெரிய செங்கல் குவிமாடம், சுற்றிலும் குட்டிக் குவிமாடங்கள், அவற்றின் கீழே கடைகள். சுவர் அத்தனை கனம். சூடான காற்று மேலே ஏறித் திறப்புகள் வழியாக வெளியே போய்விடுகிறது. தெருவில் தலை காய்ந்தது. உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

16ஆம் நூற்றாண்டில் கட்டியவற்றில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. தொப்பிக்காரர்களுடையதில் ஐந்து தெருக்கள் கோணல்மாணலாக வந்து சேர்கின்றன. உள்ளே நின்றால் அந்தக் கோணல் தெரியவே தெரியாது. அதனால்தானோ என்னவோ, இரண்டு முறை தவறான தெருவில் வெளியே வந்தேன்! நகைக்காரர்களுக்கு ஒன்று. இன்னொன்று காசு மாற்றுகிறவர்களுக்கு, பெயர் சர்ராஃபோன். நம் பழைய கணக்குகளில் வரும் 'சராப்பு' இதே சொல்தான். வட்டிக்கு விடும் இந்தியர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்களாம்.

அப்புறம், ஜென்கின்சன் என்ற ஆங்கிலேய வியாபாரி 1558 டிசம்பரில் இங்கே வந்திருக்கிறார். இந்தியர்கள் தலைப்பாகைக்கு மெல்லிய வெள்ளைத் துணி கொண்டுவந்தார்கள், மசாலா கொண்டுவரவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் விசாரித்ததில், அந்த வியாபாரமெல்லாம் போர்த்துகீசியர் கையில், கடல் வழியாகப் போய்விட்டதாம். துணி மட்டும் மலை தாண்டி வந்திருக்கிறது, பார்த்தாயா!

அதற்கு 19 வருஷம் கழித்து, 1577இல் எழுந்தது அப்துல்லா கான் டிம் என்ற கூரை போட்ட சந்தை. இது சந்தியில் இல்லை, தெருவோரம். பட்டு விற்ற இடம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இருட்டும் குளிர்ச்சியும் கலந்து, வெளியே வர மனசே வரவில்லை.

இப்போது எங்கு பார்த்தாலும் சுற்றுலாக்காரர்களுக்கான சாமான்தான். துடைத்து வைத்த சுத்தம். சந்தைக்கு உரிய கூச்சல் இல்லாதது எனக்குக் குறையாகத்தான் பட்டது. ஆனால் கொல்லர்கள் நாரை வடிவில் கத்தரிக்கோல் செய்கிறார்கள். உனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். துணி வெட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சேகர்