ஜெயித்தால் ஏற்று, தோற்றால் இறக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் கேசினோ என்ற சொல்லைப் பார்த்ததுமே உன் அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நானோ, பாக்கரட் என்ற சீட்டாட்ட மேசையில் 1-3-2-6 முறையில் பணம் வைக்கிறேன் என்று நீ எழுதியிருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அதாவது முதலில் 1 சிப் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை), ஜெயிக்க ஜெயிக்க 3, 2, 6 என்று வைப்பது; இடையில் தோற்றாலோ நான்கையும் ஜெயித்தாலோ அந்தத் தொடர் முடிந்து, மறுபடி 1இலிருந்து ஆரம்பம். பென்சிலை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் மார்ட்டிங்கேல் பக்கம் நீ போகவில்லை. அது விட்டதைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம். 1 சிப்பில் தொடங்கி 7 தடவை தொடர்ந்து தோற்றால் 127 சிப் போய்விடும். எட்டாவது தடவை 128 வைத்து ஜெயித்தாலும் லாபம் ஒரே ஒரு சிப். பெரும்பாலும் அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடும். உன் முறையிலோ ஒரு தொடருக்கு நஷ்டம் 2 சிப்புக்கு மேல் போகாது. அந்த மட்டில் நீ சமர்த்துதான்.

இனி கணக்கு. வெற்றியும் தோல்வியும் சரிபாதி என்று வைத்துக்கொண்டு 16 தொடர் ஆடிப் பார்ப்போம். 8 தொடர் முதல் ஆட்டத்திலேயே தோற்று முடியும், போவது 8. இன்னும் 4 தொடர் இரண்டாம் கட்டத்தில் விழும். தலைக்கு 2 வீதம் அங்கேயும் 8. மூன்றாம் கட்டத்தில் விழும் 2 தொடர்கள் 4 சிப் தரும். அடுத்தது கொடுமை: மூன்று முறை ஜெயித்து, நான்காவதில் 6 வைத்துத் தோற்றால் கையில் பூஜ்யம். நான்கையும் ஜெயிக்கும் ஒரே ஒரு தொடர் 12 தரும். போனது 16, வந்தது 16.

ஆனால் மேசையில் சரிபாதி கிடையாது. பிளேயர், பேங்கர் என்ற இரண்டு பக்கத்தில் எது ஜெயிக்கும் என்றுதானே பணம் வைக்கிறாய்; பிளேயர் ஜெயிப்பது 44.62 சதவீதம், பேங்கர் 45.86 சதவீதம், மீதி டை, அதாவது சமநிலை. பேங்கரில் வென்றால் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். நீ வைக்கும் மொத்தப் பணத்தில், பிளேயர் என்றால் சராசரியாக 1.24 சதவீதமும் பேங்கர் என்றால் 1.06 சதவீதமும் அவர்களுக்குப் போகிறது. அந்த 16 தொடரில் நீ ஆடியது 30 ஆட்டம். மேசையில் வைத்தது 60 சிப். பேசாமல் ஒவ்வொன்றாக வைத்திருந்தால் 30தான். ஒரு சிப் ஆட்டக்காரி என்று நினைத்துக்கொண்டு, சராசரியில் இரண்டு சிப் ஆட்டம் ஆடுகிறாய். கட்டணமும் அப்படியே இரட்டிப்பு.

"அவர்கள் பணத்தில்தான் ஏற்றி ஆடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஜெயித்த நிமிடமே அது உன் பணம், தாயே. எழுந்து போனால் யாரும் தடுக்கப் போவதில்லை.

பந்தயத்தை ஏற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பிளாக்ஜாக் என்ற இன்னொரு சீட்டாட்டத்தில் அப்படி ஒன்று உண்டு: பெரிய சீட்டுகள் அதிகம் மிச்சமிருக்கும்போது வாய்ப்பு ஆடுபவர் பக்கம் சாய்கிறது. 1962இல் எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர் அதை ஊரறியச் செய்தார். பாக்கரட்டில் போன சீட்டுகளை எண்ணிப் பெறும் பயன் இல்லையென்றே சொல்லலாம். போன ஆட்டத்தில் நீ ஜெயித்தது அடுத்த சீட்டுக்குத் தெரியாது. முடிவுகளைக் குறித்துக்கொள்ள அட்டையும் பென்சிலும் கேசினோக்காரர்களே இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதில் உண்மையிலேயே ஏதாவது துப்பு கிடைக்குமென்றால் கொடுப்பார்களா?

ஆடாதே என்று எழுதினால் நீ கேட்கப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆடினால் பேங்கரில் வை. கமிஷன் போனாலும் அதுதான் மலிவு. டை பக்கம் திரும்பாதே. 1க்கு 8 தருகிறார்கள் என்றாலும் 14 சதவீதத்துக்கு மேல் அதில் போய்விடுகிறது.

ஒரு மாலைக்கு இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறாயா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது.

அன்புடன்,
அப்பா