டவர் வைத்த படகுக்கு நிழல் கேட்கும் விடுதிக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், தார்ப்பாயும் சீட் உறையும் தைத்துப் பிழைப்பவனின் வணக்கம்.

விருந்தாளிகளைத் தொண்டிப் பக்கமோ முத்துக்குடாப் பக்கமோ கடலுக்கு அழைத்துப் போக உங்களில் சிலர் மோட்டார் படகு வாங்கியிருக்கிறீர்கள். வாங்குவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். அதில் நடுவாக்கில் வளைந்த அலுமினியப் பைப்பில் ஒரு டவர் நிற்கும். படகுக்குப் பின்னால் தண்ணீரில் பலகை மேல் நின்று சறுக்குபவரை இழுக்கும் கயிற்றை உயரத்தில் கட்டுவதற்காக வைத்தது அது. கயிறு மேலிருந்து இழுத்தால் அவரால் சுலபமாக எம்பித் தாவ முடியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "காலெல்லாம் தயாரா நிக்குதே, மேலே ஒரு படுதாவை இழுத்துக் கட்டிடுப்பா."

மாட்டேன் என்று சொன்னால் வேறு கடைக்குப் போகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

போன கோடையில் அப்படி வேறு எங்கோ வேலை செய்த படகு ஒன்று என்னிடம் வந்தது. டவரின் அலுமினியப் பைப்பில் ஓட்டை போட்டு, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டு முடுக்கி, அதன் மேல் இரும்புச் சட்டம் வைத்து, லாரிக்குப் போடும் பி.வி.சி. துணியை விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மாவு பூத்திருந்தது. திருப்புளியால் லேசாகச் சுரண்டினால் அலுமினியம் பொடியாக உதிர்ந்தது. துணியின் பின்விளிம்பில் கயிறு உரசி உரசி ஒரு முழத்துக்குப் பஞ்சாகியிருந்தது. தையல் பிரிந்து காற்றில் படபடத்தது.

அந்த வெள்ளை மாவுக்குக் காரணம் தெரிய நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோரமாக வைத்தே ஆராய்கிறார்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி நின்று, நடுவில் உப்புத்தண்ணீர் இறங்கினால், அது ஒரு சின்ன பேட்டரி. எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். ஆளைத் தாங்கி இழுக்கும் டவரில் ஓட்டை போட்டு அந்த பேட்டரியை நாமே உள்ளே வைக்கலாமா? அதற்கென்று ரப்பரோ நைலானோ உள்ளே வைத்த கிளாம்ப் வருகிறது. பைப்பைச் சுற்றிப் பிடிக்கும், துளை வேண்டாம். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

சரி, நிழலை எப்படித்தான் வைப்பது? பிமினி என்று ஒரு மடக்குக் கூரை இருக்கிறது. மூன்றோ நான்கோ வளைந்த பைப்புகள், இருபுறமும் ஒரே இடத்தில் கீல், மேலே துணி, முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் பெல்ட். இதைப் படகின் விளிம்பில் தனியாக நிறுத்த வேண்டும், டவர் கால்களுக்கு உள்ளே, டவர் உச்சிக்குக் கீழே. பின்பக்க பெல்ட்டை மட்டும் கிளாம்ப் போட்டு டவர் காலில் மாட்டிக்கொள்ளலாம். டவர் மேலேயே பொருத்துகிற ரெடிமேட் கூரையும் கிடைக்கிறது. கெட்டதில்லை, ஆனால் டவரைச் சுற்றிக் கொஞ்ச இடத்துக்குத்தான் நிழல். வயசான ஆச்சி ஒருவர் முன்னால் அணியத்துப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அவர் தலையில்தான். எனக்குத் தனிக் கூரைதான் பிடிக்கும்.

சிக்கல் அளவெடுப்பதில். டவர் கால்கள் கீழே அகன்று மேலே போகப் போக உள்ளே சாயும். கீழே மட்டும் டேப் பிடித்து வளைவு செய்தால், விரித்தபோது சரியாக நிற்கும், மடக்கும்போது டவர் காலில் இடித்து நிற்கும். விளிம்பில், இடுப்புயரத்தில், கூரை உயரத்தில் என்று மூன்று இடத்தில் உள்ளகலம் எடுங்கள். இருபக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். டவரே மடங்கும் மாதிரியாக இருந்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஷெட்டுக்குள் நுழைக்க டவரை மடக்கும்போது கூரை நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டும் போச்சு.

கயிறு இன்னும் முக்கியம். டவர் உச்சியிலிருந்து அது பின்னால் சரிந்து இறங்கும். சறுக்குபவர் இடமும் வலமும் போகும்போது கூடவே கயிறும் வீசும். அவர் விழுந்துவிட்டால் கயிறு தொய்ந்து கூரை மேலேயே வந்து விழும். கூரையின் பின்விளிம்பு டவரைத் தாண்டி நீண்டிருந்தால் பைப் முனையில் சிக்கும். அதனால் இழுக்கும் நேரத்தில் கூரையை மடக்கி உறை போட்டுவிடுங்கள். பின்னால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டும், அவர் கண்ணையும் துணி மறைக்கக் கூடாது. பலூன் படகு, ட்யூப் இதையெல்லாம் டவரில் கட்டவே கட்டாதீர்கள். தண்ணீரில் புதைந்து இழுக்கும்போது அந்தப் பாரத்தை டவர் தாங்காது, படகும் கவிழப் பார்க்கும். பின்னால் தாழ்வாக உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. படகின் வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கு. ஆறடிக்கு ஆறடி துணி காற்றை நேராக வாங்கினால் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆறேழு கிலோ பாரம். 40-இல் அதுவே 25 கிலோவுக்கு மேல். இந்தப் பாரம் கீல் திருகிலும் பெல்ட் மாட்டும் திருகிலும் போய் நிற்கும். வெறும் ஸ்க்ரூ படகின் ஃபைபர் உடம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் தகடு வைத்து, போல்ட்டு விட்டு, சீலன்ட் பூசித்தான் முடுக்க வேண்டும்.

தகரக் கூரை, ஃபைபர் ஷீட் கேட்பவர்களுக்கு: என்னிடம் வராதீர்கள். உயரத்தில் பாரம் ஏற ஏற படகு ஆட்டம் காணும். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய மாடிப் படகு, அதில் அளவுக்கு மேல் ஆட்கள். ஏற ஆள் இருக்கிறதே என்று நீங்கள் கூரைக்கு மேலே ஏற்ற மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

துணி விஷயத்தில் பேரம் பேசுங்கள், நூலில் பேசாதீர்கள். சாயம் நூலிழைக்குள்ளேயே ஊறிய அக்ரிலிக் துணி நல்லது, சீக்கிரம் வெளுக்காது, மூச்சும் விடும். நீலத் தார்ப்பாய் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கோடை தாங்கினால் அதிசயம். ஆனால் முதலில் போவது தையல்தான். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலுக்கு நான் கேட்கும் கூடுதல் காசு, பிரிந்த கூரையை மறுபடி தைக்கிற கூலியில் கால்வாசி கூட வராது. பெல்ட்டும் பாலியெஸ்டரில்தான். நைலான் நனைந்தால் பழைய பாவாடை நாடா மாதிரி தொய்ந்துவிடும். கடலில் ஓடும் படகு என்றால் பைப்பும் கீலும் உப்பு தாங்கும் 316 ரக எஸ்.எஸ்., ஊருணி, கண்மாய் என்று நல்ல தண்ணீரில் விடுவதானால் அலுமினியமே போதும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கப் படகோட்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும் நேரம், பைப் வளைக்கத் தெரிந்த வெல்டர் ஒருவரும் கிடைக்க மாட்டார். அக்னி நட்சத்திரத்துக்குள் நிழல் வேண்டுமென்றால் மாசியிலேயே வாருங்கள். படகை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். டவர் நிமிர்ந்தும் மடங்கியும் இருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த இரண்டு போட்டோ, மேலே சொன்ன மூன்று அகலம், ஓட்டுநர் எழுந்து நிற்கும் உயரம், இவ்வளவும் இருந்தால் விலை சொல்லிவிடுவேன்.