குரல் எங்கிருந்து வருகிறது?

ஐயா, உள்ளூர் வானொலி நிலையங்கள் கைமாறுவது குறித்த தங்கள் தலையங்கம், அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை என்று ஆறுதல் கொள்கிறது. ஆனால் அவை எத்தனை பேரின் கையில் இருக்கின்றன என்பதல்லவா கேள்வி? அமெரிக்காவில் ஒரே நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்த வரம்பை 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியதும், சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரு நிறுவனத்திடம் சேர்ந்தன. பல ஊர்களில் வேறெங்கோ பதிவான அறிவிப்பாளர் குரலே ஒலித்தது.

கனமழையில் சாலை துண்டிக்கப்பட்ட ஓர் இரவில், செய்தி கேட்க நான் வானொலியைத் திருப்பியபோது, முன்பே பதிவான குரலொன்று 'நிலவொளியை ரசியுங்கள்' என்றது. உரிமத்தைப் புதுப்பிக்கையில், நாள்தோறும் சில மணி நேரமாவது அந்தந்த ஊரிலிருந்தே நேரலையாக ஒலிபரப்ப வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம்.