அதே பெட்டி, அதே மாடல் எண், உள்ளே வேறு சிப்: யூஎஸ்பி ரேடியோ டியூனர் குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திண்டுக்கல்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சொல்லாமல் சிப்பை மாற்றி விற்றது – பழைய வகைக் கருவி அல்லது முழுப் பணம் கோருதல்.

ஐயா / அம்மா,

எனக்குக் கண் பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் பதிலில் "மவுஸால் கிளிக் செய்து ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள்" என்று இருந்ததுதான்.

கணினியில் செருகி ரேடியோ கேட்க உதவும் உங்கள் யூஎஸ்பி டியூனரை நான்கு வருடம் பயன்படுத்தினேன். லினக்ஸ் இயங்குதளம் உள்ள என் கணினியில் செருகியதுமே '/டெவ்/ரேடியோ0' என்ற பெயரில் ரேடியோ கருவியாக வந்து நிற்கும். உள்ளே இருந்தது சிலிகான் லேப்ஸின் எஸ்ஐ470எக்ஸ் வகை சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் 2008 முதலே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது. சிடி எதுவும் வேண்டாம். கட்டளைகளை எழுத்தில் தட்டும் டெர்மினலில், ரேடியோவை இயக்கும் 'வி4எல்2-சிடிஎல்' கட்டளையோடு 100.5 என்று கொடுத்தால் கொடைக்கானல் பண்பலை. மியூட்டை எடுக்க இன்னொரு கட்டளை. ஒலியைப் பதியும் 'ஏரெக்கார்ட்' வழியாக வாங்கி, அதை ஒலிக்கச் செய்யும் 'ஏபிளே'க்கு அனுப்ப ஒரு வரி. மூன்றையும் ஒரு கட்டளைக் கோப்பில் (ஸ்கிரிப்ட்) போட்டு 'கொடை' என்று பெயர் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அந்தப் பெயரைத் தட்டி என்டர் அழுத்துவேன், பாட்டு வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இரைச்சல் வந்தால் அதே கட்டளையில் சிக்னல் அளவைக் கேட்பேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் "40" என்னும். ஏரியல் வயரை ஜன்னல் கம்பிப் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி கேட்பேன். "65". அந்த இடத்திலேயே நூல் போட்டுக் கட்டிவிடுவேன்.

போன மாதம் அதன் யூஎஸ்பி முனை உடைந்துபோனது. அதே மாடலைத் தேடிப் போனேன். பெட்டியில் 'லினக்ஸில் இயங்கும்' என்ற வரி இருக்கிறதா என்று கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் 1,450 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் செருகினால் 'ரேடியோ0' வரவே இல்லை. செருகிய யூஎஸ்பி கருவிகளின் அடையாள எண்ணைக் காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பழையதில் 10சி4:818ஏ என்று வந்த எண் போய், வேறு எண் வந்தது. அந்தச் சிப்புக்கு என் கெர்னலில் டிரைவர் இல்லை.

மூன்று முறை உங்களுக்கு எழுதினேன். மூன்று முறையும் சிடியில் உள்ள விண்டோஸ் மென்பொருளைப் போடச் சொன்னீர்கள். சரி, தம்பியின் லேப்டாப்பில் போட்டும் பார்த்தேன். அதில் பொத்தான்கள் எல்லாம் வெறும் படங்கள். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று படித்துக்கொண்டே போனது. எது ஒலியைக் கூட்டும், எது ஸ்டேஷனை மாற்றும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தில் தட்டும் கட்டளைதான் நான் பிடித்து நடக்கும் கைப்பிடி.

சிப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையது கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் மாடல் எண்ணில் ஓர் எழுத்தாவது கூட்டியிருக்கலாம். 'லினக்ஸில் இயங்கும்' என்ற வரியையாவது எடுத்திருக்கலாம். அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன்.

பழைய சிப் உள்ள கருவி கையிருப்பில் இருந்தால் அதையே அனுப்புங்கள். எனக்கு வேண்டியது அதுதான். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் இனி வரும் பெட்டிகளில் சிப்பின் பெயரை அச்சிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரண்டு கருவிகளின் 'எல்எஸ்யூஎஸ்பி' விவரம், நீங்கள் அனுப்பிய மூன்று பதில்கள்.